காலியான டிஸ்க் கேள்வி கேட்காது

ஜனவரி 8

கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களை யாரும் புரட்ட மாட்டார்கள் என்று நம்பித்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் புரட்டிவிட்டீர்கள். யாராக இருந்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள். கீழ் வீட்டில் மட்டும் காட்டிவிடாதீர்கள். நாங்கள் குடியிருப்பது அவர்கள் மாடியில்.

என் பெயர் எப்சிபா. பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். என் அம்மா வயலட் மெயின்ஃபிரேம் ஆபரேட்டர். மெயின்ஃபிரேம் என்பது பீரோ மாதிரி நிற்கும் பெரிய கம்ப்யூட்டர். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் வேலையெல்லாம் அதில் ஓடுகிறது; அவர்களுக்காக அதைக் கவனித்துக்கொள்வது அம்மாவின் கம்பெனி. கீழ் வீட்டில் இருக்கும் அப்பாவின் தம்பி, தவசீலன் சித்தப்பா, அதே ஆபீஸில் டீம் லீட். அதாவது அம்மாவுக்கு மேலதிகாரி. எங்களுக்கு வீட்டுக்காரரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஷிஃப்டில் இரண்டு வேலைகள். புதிதாக வந்த டிஸ்க் ஒன்றை ஃபார்மட் செய்ய, அதாவது முழுக்கத் துடைத்துத் தயார்படுத்த வேண்டும். அப்புறம் மெயின்ஃபிரேமில் ஓடும் லினக்ஸை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். நிறுத்தினாள். கிளப்பினால் கிளம்பவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தும் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டதாம். விடிந்ததும் சித்தப்பா போய், பேக்கப்பிலிருந்து எடுத்துச் சரிசெய்தேன் என்றார். புது டிஸ்க் என்று நினைத்து அம்மா, லினக்ஸ் கிளம்பத் தேவையான பூட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டாள் என்று ரிப்போர்ட்டும் எழுதினார்.

அம்மாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

இன்று கீழே குடும்ப ஜெபம். சித்தப்பாதான் நடத்தினார். "ஆண்டவரே, இந்த வீட்ல ஒருத்தங்க கை தவறி ஒரு பெரிய தப்பு செஞ்சுட்டாங்க. அத ஒத்துக்கிற தாழ்மைய அவங்களுக்குக் கொடும்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தார். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அவர் சொல்லச் சொல்ல அம்மா தலை குனிந்துகொண்டே போனாள். அப்பாவும் சேர்ந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

ஜனவரி 9

பள்ளியில் பிசிக்ஸ் ரிவிஷன் டெஸ்ட். சுமாராக எழுதினேன். மோட்டார் போட மறந்து தொட்டியில் தண்ணீர் இல்லை. சித்தி கீழிருந்து கத்தினாள்.

சித்தப்பா ஒரு கடிதம் டைப் அடித்துக் கொண்டுவந்தார். "மைனி, இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். சத்தமில்லாம ரிசைன் பண்ண விட்டுருவாங்க. இல்லேன்னா 24ஆம் தேதி விசாரணை. டிஸ்மிஸ்னு எழுதிட்டா அதுக்கப்புறம் எவன் வேலை தருவான்?"

"நான் தப்பான டிஸ்கதான் அடிச்சேனா தம்பி?" என்று அம்மா கேட்டாள். அவரிடம் போய்க் கேட்கிறாள்!

"பின்ன? டிஸ்க் என்ன தானாவா அழிஞ்சது?"

அம்மா கடிதத்தை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ ஒரு எண்ணை மாற்றி அடித்திருப்போமோ என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் விரலால் காற்றில் தட்டிப் பார்க்கிறாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

ஜனவரி 10

எனக்கு ஒரு ரகசியம் உண்டு. பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் ஒரு மெயின்ஃபிரேம் வைத்திருக்கிறேன்.

விளையாட்டில்லை. சாதாரண கம்ப்யூட்டருக்குள் மெயின்ஃபிரேமைப் போல நடிக்கும் ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அம்மா சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு ஆசைப்பட்டு, அரையாண்டு விடுமுறையில் இறக்கினேன். சித்தப்பா வீட்டு வைஃபையில்தான். அதற்குள் லினக்ஸும் போட்டேன். ஆமை வேகம். கிளம்புவதற்குள் சோறு வடித்து, துவையல் அரைத்து, துணி மடித்துவிடலாம். அங்கே கிளப்புவதை பூட் என்று சொல்ல மாட்டார்கள், ஐபிஎல் என்பார்கள். முதலில் கேட்டபோது அம்மா கிரிக்கெட் பார்க்கத்தான் வேலைக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

என் பொய் டிஸ்க்குகளை எத்தனை முறை கெடுத்தாலும் நகலிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதனால் இன்று சித்தப்பா சொன்னதையே செய்து பார்த்தேன். பூட் ஃபைல்களுக்கென்று இருக்கும் சின்ன டிஸ்கை ஃபார்மட் செய்யச் சொன்னேன். உபயோகத்தில் இருக்கிறது என்று மறுத்தது. சித்தப்பா இதற்கும் பதில் வைத்திருப்பார், மைனி அதைக் கழற்றிவிட்டு அடித்திருப்பாங்க என்பார். நானும் கழற்றிவிட்டு அடித்தேன். பிறகு கிளப்பினேன்.

ஒன்றுமே வரவில்லை. ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் ஒரு எண்ணைக் காட்டி நின்றது.

அம்மாவிடம் வந்ததும் இப்படித்தானா? கேட்கப் பயமாக இருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஜனவரி 12

கேட்டுவிட்டேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு நிக்கிறதுக்கு முன்னால திரையில என்ன வந்துச்சு?"

"படிக்கிற வேலையப் பாருட்டி."

"சொல்லும்மா."

"என்ன வரும்? எப்பவும் வர்றதுதான். எதுல ஆரம்பிக்கணும்னு மெனு வந்துச்சு. ஒண்ணுன்னு அடிச்சேன். லோடிங்னு சொல்லிட்டு நின்னுருச்சு."

"மெனு வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதானே சொல்லுதேன்."

அந்த மெனு எங்கே இருக்கிறது? அதே பூட் டிஸ்கில். டிஸ்கின் தொடக்கத்தில் எழுதி வைத்திருக்கும். அம்மா அந்த டிஸ்கை ஃபார்மட் செய்திருந்தால் மெனுவும் போயிருக்கும். காலியான டிஸ்க் எப்படி, "எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று கேள்வி கேட்கும்?

இதைச் சொன்னதும் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "முந்தின தடவை வந்த மெனுவ நெனச்சு சொல்லுதேனோ என்னவோ. அன்னைக்கு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. தன் கண்ணால் பார்த்ததையே நம்ப முடியாதபடி அவளை ஆக்கினவர்கள்மேல்.

ஜனவரி 13

ஆராதனையில் சித்தப்பா காணிக்கைப் பை எடுத்தார். வெளியே வந்ததும் எல்லோர் முன்னாலும் அம்மாவிடம், "கவலப்படாதீங்க மைனி, நான் இருக்கேன்லா" என்றார். ஆட்கள் பார்த்து உருகினார்கள். வீட்டுக்கு வந்து வஞ்சிர மீன் கழுவினேன்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை. பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது.

லேப்டாப்பில் பெரிய தப்பு செய்தேன். கெர்னல் என்று ஒரு ஃபைல். லினக்ஸ் கிளம்பும்போது முதலில் ஏறுவது அதுதான். அதைப் புதிதாக மாற்றலாம் என்று பார்த்தேன். என் சின்ன டிஸ்கில் இடம் போதவில்லை. பழையதை அழித்துவிட்டு, புதியதை அதே பெயரில் காப்பி செய்தேன். பெயர் சரி, அளவு சரி, எல்லாம் சரி. கிளப்பினேன்.

மெனு வந்தது. ஒன்று அடித்தேன். லோடிங் என்றது. நின்றுவிட்டது.

அழுகையே வந்துவிட்டது. நகல் இருப்பதுகூட நினைவுக்கு வராமல், விடுமுறை முழுக்கக் கட்டி வைத்ததெல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா துணி எடுக்க உள்ளே வந்தவள் என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்தாள். கையில் இருந்த துணியெல்லாம் கீழே விழுந்தது.

"இதேதான்" என்றாள். "எப்சி, இதேதான். நீ என்ன செஞ்ச?"

ஜனவரி 16

புத்தகம் புத்தகமாகத் தேடி, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். உங்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

சாதாரண கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் கெர்னலைப் பெயர் சொல்லித் தேடும். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பெயர் இருந்தால் கண்டுபிடித்துவிடும். மெயின்ஃபிரேம் டிஸ்கில் பெயர் செல்லாது. டிஸ்கில் எந்தெந்த இடத்தில் கெர்னல் இருக்கிறது என்று முன்னாலேயே ஒரு வரைபடம் போட்டு வைக்க வேண்டும். அதற்கு ஸிப்ல் என்று ஒரு கட்டளை. கெர்னலை மாற்றினால் ஸிப்ல் ஓட்ட வேண்டும். ஓட்டாவிட்டால் இயந்திரம் பழைய விலாசத்துக்கே போய் நிற்கும். அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள்.

இதில் பயங்கரம் என்ன தெரியுமா? ஸிப்ல் ஓட்ட மறந்தால் உடனே ஒன்றும் ஆகாது. லினக்ஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த தடவை கிளப்பும்போதுதான் விழும். மறந்தவர் அப்போது வீட்டில் இருப்பார். மாட்டிக்கொள்வது, பட்டனை அழுத்தியவர்.

ஜனவரி 17

தோற்றுவிட்டேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நகலில் இருந்ததைப் புது டிஸ்க் ஒன்றில் ஏற்றி, கெர்னலை அழித்து, மாற்றி, ஸிப்ல் ஓட்டாமல் கிளப்பினேன். ஒரு தகராறும் இல்லாமல் கிளம்பியது.

அம்மா என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள். ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதம் இப்போது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

ஜனவரி 19

தூங்கவில்லை. ஆனால் தோற்கவும் இல்லை.

அம்மா முன்னால் தோற்ற அன்றைக்கு, புது டிஸ்கை நான் பெரியதாக எடுத்திருந்தேன். இடம் தாராளம். பழைய கெர்னலை அழித்தாலும், அது இருந்த இடத்தில் எழுதப்பட்டது அப்படியே கிடக்கும், வேறொன்று வந்து மேலே எழுதும்வரை. புதியது காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இயந்திரம் பழைய விலாசத்துக்குப் போய், அழித்த பழைய கெர்னலையே எடுத்துக் கிளம்பிவிட்டது. டிஸ்க் நிரம்பி வழிந்தால்தான் புதியது பழையதன் மேலேயே விழும். சின்ன டிஸ்கில் மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் மெனு, லோடிங், மரணம்.

ஆபீஸில் பூட் டிஸ்க் நிரம்பியிருந்ததா? நிரம்பியிருந்தது. எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வாரத்தில் மொட்டை மாடியில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா சொன்னதைக் காதால் கேட்டேன். "பூட் டிஸ்க்ல எடமே இல்ல. கெர்னல் அப்டேட் பாதியில நின்னுருச்சு. பழச அழிச்சுட்டுக் கையாலயே காப்பி பண்ணிட்டு வந்துட்டேன். கேரல் பாட்டு ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சுல்லா, மிச்சத்த அப்புறம் பாத்துக்கிடலாம்." அப்போது ஒன்றும் புரியவில்லை. ஸ்டாரின் ஒரு முனை கிழிந்ததற்காக அழுதுகொண்டிருந்தேன்.

அவர் அதை யாரிடம் சொன்னார் என்பது இங்கே முக்கியமில்லை.

அம்மாவிடம் முழுதும் சொன்னேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் அடிச்சது சரியான டிஸ்க்" என்றாள். பிறகு உரக்க, "நான் அடிச்சது சரியான டிஸ்க்!" வீட்டில் வேறு யாரும் இல்லை. சத்தம் போட்டுச் சிரித்தோம்.

சித்தப்பா பேக்கப்பிலிருந்து பூட் டிஸ்கைத் திரும்ப எழுதிவிட்டதால் அதில் இனி ஒரு சாட்சியும் இல்லை. ஆனால் அம்மா பார்த்த கன்சோல் திரையில் அன்று வந்த ஒவ்வொரு வரியும் லாக் என்ற பதிவேட்டில் ஏறியிருக்கும். அது அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களின் கையில். சித்தப்பாவால் தொட முடியாது. மெனு வந்ததா இல்லையா என்று அது சொல்லும். என்ன கேட்க வேண்டும் என்று இப்போது அம்மாவுக்குத் தெரியும்.

ஜனவரி 20

அப்பா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டி மூடியைச் சரிபண்ணுவது போல எதையோ செய்துகொண்டிருந்தார்.

"எப்சி, பரீட்சைக்குப் படிம்மா. அந்த கிறிஸ்துமஸ் வாரத்துக் கதையெல்லாம் கிளறாத. சித்தப்பாவுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"அம்மாவுக்கு நான் இருக்கேன்ப்பா."

அவர் மூடியையே பார்த்தார். "அம்மாவுக்கு வேற வேலை கிடைச்சிரும். அவன் டீம் லீட், அவனுக்கு இதோட எல்லாம் போயிரும்."

நான் அப்பாவிடம் கிறிஸ்துமஸ் வாரம் என்று சொல்லவேயில்லை. அம்மா சொல்லியிருப்பாள்.

ஜனவரி 21

அம்மா சொல்லவில்லையாம். நான் தூக்கத்தில் உளறியிருப்பேன்.

ஜனவரி 22

வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். சித்தப்பா மேலே வந்தார். அவர் கதவைத் தட்ட மாட்டார், திறந்துகொண்டு வந்துவிடுவார், அவர் வீடுதானே. "பிளஸ் டூ பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் லேப்டாப் என்னத்துக்கு? எங்கிட்ட குடு, பரீட்சை முடிஞ்சதும் தாரேன்."

"பள்ளியில கொடுத்தது சித்தப்பா. எனக்குத்தான் கொடுத்தாங்க."

"என்னட்டி வாய் நீளுது?"

லேப்டாப்பை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "அவளுக்கு ப்ராக்டிகல் இருக்கு தம்பி" என்றாள். அவர் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். "நாளைக்கு ராத்திரிக்குள்ள கையெழுத்து வேணும் மைனி." போய்விட்டார்.

அவர் போனதும் வாசல் கதவின் உள் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். பல மாதமாக அது துருப்பிடித்துக் கிடந்தது.

ஜனவரி 23

நாளை விசாரணை. இன்று நடந்ததை ஒரு வரிகூட விடாமல் எழுதப்போகிறேன்.

கீழே ஜெபம். சித்தப்பா தொடங்கினார். தாழ்மை, மன்னிப்பு, குடும்ப ஒற்றுமை என்று ஒவ்வொன்றாக. அம்மா கொண்டுவந்த கடிதத்துக்குப் பக்கத்தில் பேனாவையும் மேசைமேல் வைத்திருந்தார். முடிக்கும்போது என்னைப் பார்த்து, "பிள்ளை ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டும். அம்மாவுக்காக" என்றார். எனக்குப் பயம் என்று அவருக்குத் தெரியும். நான் திணறுவேன், அழுவேன், அம்மா உருகிக் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்திருப்பார்.

கண்ணை மூடினேன். அப்புறம் ஒன்று தோன்றியது. ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அவரும்தான்.

"ஆண்டவரே, எங்கம்மா அன்னைக்குக் கிளப்பினப்போ மெனு வந்துச்சு, அதுக்காக ஸ்தோத்திரம். காலியான டிஸ்க்ல மெனு வராது. அதனால எங்கம்மா அந்த டிஸ்கை அழிக்கல."

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். நான் இன்னும் உரக்கச் சொன்னேன்.

"கிறிஸ்துமஸ் வாரத்துல கெர்னலை மாத்திட்டு ஸிப்ல் ஓட்ட மறந்தவங்கள நீர் அறிவீர். மறக்கிறது யாருக்கும் வரும் ஆண்டவரே. ஆனா அத அடுத்தவங்க தலையில கட்டாம ஒத்துக்கிற தாழ்மைய அவங்களுக்குக் கொடும். கன்சோல் லாகை பத்திரமா வச்சிருக்கிறவங்களையும் ஆசீர்வதியும்."

சித்தியின் சின்னப் பையன் மட்டும் சிரித்தான்.

"ஆமென்" என்றாள் அம்மா. தெருவரை கேட்டிருக்கும்.

சித்தப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "ஜெபத்துல வந்து விளையாடுதியா?" என்று கத்தினார். அம்மா எழுந்து நின்றாள். "அவ விளையாடல தம்பி. லாக் கேட்டு ரெண்டு கம்பெனிக்கும் சாயங்காலமே மெயில் போட்டுட்டேன். நாளைக்கு இவ லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போறேன். எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டுவேன்." கடிதத்தை எடுத்து, மடிக்காமல், கிழிக்காமல், அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். கையெழுத்து இடம் வெள்ளையாக இருந்தது.

"அப்ப மாடிய காலி பண்ணுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள."

"சரி தம்பி" என்றாள். வெண்டைக்காய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருகிறவள் மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

நாங்கள் இரண்டு பேரும் மேலே வந்தோம். அப்பா வரவில்லை. வாசல் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அம்மா நாளைக்குக் கட்டப்போகும் புடவையை இஸ்திரி போட்டுவிட்டுப் படுத்தாள். உடனே தூங்கிவிட்டாள், இந்த மாதத்தில் முதல் தடவையாக. நான் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மெனு வந்து, லோடிங் வந்து, நின்றது. பிறகு அதன் நகல் ஒன்றில் ஸிப்ல் ஓட்டினேன். கிளம்பியது. இரண்டு டிஸ்க்கும் தயார். இனி இதை யாரும் தொடக் கூடாது.

ஒன்றே ஒன்று பாக்கி. பல நாளாக இந்த நோட்டில்கூட எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சித்தப்பா கிறிஸ்துமஸ் வாரத்தில் மொட்டை மாடியில் பேசியது அப்பாவிடம்தான். அப்பா ஸ்டாரின் ஒயரைப் பிடித்திருந்தார். "அதுக்கென்ன, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று சிரித்தார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே காற்றில் விரலால் தட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். அப்பாவுக்குத் தெரியும். எழுதிவிட்டேன். இந்த வரியை அடிக்க மாட்டேன்.

தட்டுகிறார்கள்.

சித்தப்பா இல்லை. அவர் என்றால் கதவையே உடைப்பார். மெல்ல, இரண்டு தரம். "எப்சி, நான்தான். கதவத் திற. அந்த லேப்டாப்ப ஒரு நிமிஷம்" என்கிறார் அப்பா.

தாழ்ப்பாளை எடுக்க மாட்டேன். இங்கிருந்தபடியே சொல்லப்போகிறேன், அப்பா, எனக்குத் தெரியும் என்று.